உலோக மடிக்கணினியைச் சார்ஜ் போட்டுத் தொட்டால் குறுகுறுவென்று ஷாக் அடிக்கிறது. இது ஆபத்தா?

சார்ஜர் அசலானது, கேபிளில் சேதம் இல்லை என்றால் அந்தக் குறுகுறுப்பால் ஆபத்தில்லை. நான் கவலைப்படுவது வீட்டின் எர்த்தைப் பற்றித்தான்.

இரண்டு முள் சார்ஜரில் எர்த் கம்பியே கிடையாது. மின்சாரம் வெளியே வராதபடி இரண்டு அடுக்காகத் தடுக்கும் இரட்டைக் காப்பை நம்பித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் உள்ளே நடக்கும் அதிவேக ஸ்விட்சிங்கால் எழும் மின்காந்த இரைச்சலை அடக்குவதற்காக, 230 வோல்ட் வரும் பக்கத்தையும் மடிக்கணினிக்குப் போகும் பக்கத்தையும் ஒய் மின்தேக்கி என்னும் சிறு உறுப்பு இணைக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 2.2 நானோஃபாரட் மின்தேக்கி வழியே அதிகபட்சம் ஏறத்தாழ 0.16 மில்லி ஆம்பியர் கசியும். இத்தகைய சார்ஜர்களுக்கு ஐஇசி 60950 என்னும் சர்வதேச மின்பாதுகாப்புத் தரநிலை விதித்த எல்லை 0.25 மில்லி ஆம்பியர்.

உள்ளங்கையை அழுத்தி வைத்தால் தெரியாத இந்த உணர்வு, விரல் நுனியால் மெல்ல வருடும்போது நன்றாகத் தெரியும். மாறிக்கொண்டே இருக்கும் மின்னழுத்தம் காய்ந்த மேல்தோலை நொடிக்கு 100 முறை உலோகத்தை நோக்கி இழுத்து விடுவதால், வழவழப்பான அலுமினியம் சொரசொரப்பாக அதிர்வதுபோல் தோன்றுகிறது. டெஸ்டரை வைத்தால் விளக்குகூட எரியலாம். நியான் விளக்குக்கு அவ்வளவு சிறிய மின்னோட்டமே போதும் என்பதால் அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

எர்த் உள்ள மூன்று முள் கேபிளைப் பயன்படுத்தினால் கசிவு நிலத்துக்குப் போய்விடும். பல மேக்புக் சார்ஜர்களில் பிளக் மாட்டும் இடத்திலுள்ள உலோகக் குமிழ்தான் எர்த் தொடுப்பு. இரண்டு முள் துண்டை மாட்டினால் அது சும்மா கிடக்கும், மூன்று முள் நீட்டிப்புக் கேபிளில்தான் அதற்கு வேலை.

மூன்று முள் போட்டும் குறுகுறுப்பு நிற்கவில்லையா? அப்படியானால் சாக்கெட்டில் எர்த் துளை மட்டும் இருந்து, பின்னால் கம்பி இல்லாமல் இருக்கலாம். நான் குடியிருந்த ஒரு வாடகை வீட்டில் அப்படித்தான் இருந்தது. அதைவிட மோசமானது, எல்லா சாக்கெட்டுகளின் எர்த்தும் ஒன்றாகச் சேர்ந்திருந்து, நிலத்தோடு மட்டும் இணையாமல் இருப்பது. அந்த நிலையில் பழுதான ஒரு வாட்டர் ஹீட்டரின் கசிவு அந்தக் கம்பி வழியாகவே உங்கள் மடிக்கணினிக்கு வந்து சேரும். அதற்கு மின்தேக்கியின் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அதையும் பொருத்தச் சொல்லுங்கள். சாக்கெட்டிலேயே எர்த்தை நியூட்ரலோடு முடிச்சுப் போட்டுத் தருவதாக அவர் சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். நியூட்ரல் எங்காவது அறுந்த நொடியில், அந்த சாக்கெட்டில் செருகிய கருவியின் உலோக உடல் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும்.