அகார் தட்டை வைத்து ஈஸ்ட் கோஸ்ட் காற்றையும் தோ பாயோ காற்றையும் ஒப்பிடலாமா?

தொடக்கக் கல்லூரிச் செயல்திட்டத்துக்காகச் சிங்கப்பூரின் தோ பாயோவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் பகல் 2 மணிக்கும், ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் இரவு 9 மணிக்கும் அகார் தட்டுகளை (கிருமிகள் வளர ஏற்ற கூழ் ஊற்றிய தட்டுகளை) திறந்து வைத்திருக்கிறீர்கள். கடற்கரைத் தட்டில் பூஞ்சை அதிகம். அப்படியென்றால் கடற்காற்று மோசமா என்று கேட்கிறீர்கள்.

தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். உங்கள் தட்டில் தெரிவது பெரும்பாலும் நேரத்தின் வேலை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிங்கப்பூர்க் காற்றிலுள்ள டிஎன்ஏவைப் படித்து 2019இல் வெளியிட்ட முடிவு இதுதான்: பகலில் பாக்டீரியாவின் பங்கு கூடுகிறது, இரவில் பூஞ்சையின் பங்கு. ஒரே நாளின் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம், மாதத்துக்கு மாதம் உள்ளதைவிடப் பெரிது. காளான் வகைகள் தம் வித்துகளை (ஸ்போர்) தெறிக்கவிட, வித்தின் அடியில் ஒரு நுண்ணிய நீர்த்துளி திரள வேண்டும். அதற்கான ஈரப்பதம் இரவில் கிடைக்கிறது. ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே மணிக்கு எடுங்கள். முடிந்தால் பகல் ஒரு முறை, இரவு ஒரு முறை.

திறந்த தட்டில் இன்னொரு குறை உண்டு. கனமான வித்துகள் சீக்கிரம் விழும்; தனித்து மிதக்கும் பாக்டீரியா எளிதில் விழாது. எத்தனை லிட்டர் காற்றுக்கு இந்த எண்ணிக்கை என்றும் சொல்ல முடியாது. கல்லூரி ஆய்வகத்தில் காற்றை இழுத்து 400 துளைகள் வழியாக அகார் தட்டின்மேல் மோதவிடும் ஆண்டர்சன் கருவி இருந்தால் கேட்டு வாங்குங்கள். அது நிமிடத்துக்கு 28.3 லிட்டர் இழுக்கும். 3 நிமிடத்தில் 84.9 லிட்டர், 34 புள்ளிகள் (கிருமிக் கூட்டங்கள்) வளர்ந்தால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 400. புள்ளிகள் பெருகினால் ஒரே துளை வழியாக இரண்டு மூன்று கிருமிகள் விழுந்திருக்கும், அதற்குத் திருத்தம் போட வேண்டும்: 200 எண்ணினால் 277 என்று கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் நேரத்தைக் குறைத்து மறுபடி எடுப்பதே நல்லது. ஒவ்வொரு முறையும் கருவியை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்ட பிறகே அடுத்த தட்டு. திறக்காத தட்டு ஒன்றையும் கூடவே கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள். அதில் ஏதாவது முளைத்தால் அன்றைய தட்டுகள் எதையும் நம்ப முடியாது.

பூஞ்சைக்கு, பாக்டீரியாவைத் தடுக்கும் குளோராம்பெனிகால் மருந்து சேர்த்த மால்ட் அகார், 25 டிகிரி, 3 முதல் 7 நாள். நம் அறை வெப்பத்தில் விட்டால் வேகமாகப் படரும் இனங்கள் மற்றவற்றை மூடிவிடும், எண்ணவே முடியாது. பாக்டீரியாவுக்கு டிரிப்டிக் சோயா அகார், 30 டிகிரி, 48 மணி நேரம். ஆனால் கடலலையின் குமிழிகள் வெடித்துக் காற்றில் ஏறும் பாக்டீரியாவில் பலவற்றுக்கு இந்த அகாரிலுள்ள அரை சதவீத உப்பு போதாது. கடல்நீர் அளவு உப்புள்ள மரைன் அகார் 2216 இல்லாவிட்டால் அவை முளைக்காமல், கடற்காற்று சுத்தம் என்ற எதிர்த் தவறில் கொண்டுபோய் விட்டுவிடும்.

காற்றின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். கடலைப் பார்த்து நின்றால் முகத்தில் அடிக்க வேண்டும். முதுகில் அடித்தால் நீங்கள் பிடிப்பது நகரக் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கு, தென்கிழக்குக் காற்று அதிகம் என்பதால் ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு அந்த மாதங்கள் தோது.

வளர்ந்த தட்டுகளை மூடி ஒட்டி, ஒட்டியபடியே எண்ணுங்கள். வீட்டில் வளர்க்கவே வேண்டாம். 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமிகளைக் கொன்ற) பிறகே அவை குப்பைக்குப் போகலாம்.