கடலூரில் தோட்டத்தோடு பழைய வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் 6 சென்ட் மனையில் 50 வருடப் பழைய தனி வீடு விலைக்கு வந்திருக்கிறது. கிணறு, தென்னைகள், ஒரு மாமரம் உண்டு. வீட்டுக்காரர் காலமாகிவிட்டதால் மகன்கள் இருவரும் விற்கிறார்கள். இப்போதுதான் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். புரோக்கர் அவசரப்படுத்துகிறார். எதைப் பார்ப்பது?

பதில்: முதலில் தண்ணீரைப் பாருங்கள். கெடிலமும் தென்பெண்ணையும் கடலைத் தொடும் ஊர் இது. 2015-இல் எங்கெங்கே வெள்ளம் ஏறியது, 2024 ஃபெஞ்சல் புயலில் எவ்வளவு நின்றது என்று எதிர்வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், கையால் காட்டியே சொல்லிவிடுவார்கள். தெரு வருடா வருடம் உயர்ந்து வீடு பள்ளத்தில் போயிருந்தால், மழைத்தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது என்று நின்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும்.

புது பெயின்ட் எனக்கு உறுத்துகிறது. கட்டிலுக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சுவரை நகத்தால் கீறிப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஓதம் கீழிருந்து ஏறுகிறது. பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் அதன் மேல் சிமென்ட் பூசி மறைப்பது வியாதியை உள்ளே அடைப்பதுதான், ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸாக இருந்தால், கட்டையின் நடுப்பகுதியை விட அது சுவருக்குள் நுழையும் முனை முக்கியம். அங்கே ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் கரையானோ உளுத்தலோ இருக்கிறது, கட்டை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

தோட்டத்தில் தென்னை செழிப்பாக இருப்பதை வைத்துக் கிணற்றுத் தண்ணீர் நல்லது என்று முடிவு செய்யாதீர்கள், தென்னை உப்பைத் தாங்கும். மாவிலையின் நுனி கருகியிருக்கிறதா என்று பாருங்கள், உப்பு இருந்தால் பல சமயம் அதுதான் முதலில் சொல்லும். எப்படியும் தண்ணீரை லேபில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேர் எதுவரை போயிருக்கிறது என்று கொத்தனாரிடம் காட்டுங்கள்.

அப்புறம் பத்திரம். மகன்கள் இருவர் மட்டும் விற்கிறார்கள் என்கிறீர்கள், மகள்கள் இல்லையா? அம்மா இருக்கிறாரா? வாரிசு சான்றில் உள்ள எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். “அக்கா ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்பதெல்லாம் செல்லாது. உயில் இருக்கிறது என்றால் அதை வக்கீல் பார்க்கட்டும். மூலப்பத்திரம் அசலாக வேண்டும். ஆன்லைனில் வில்லங்கச் சான்று (மனை மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) பெரும்பாலும் 1975-லிருந்துதான் கிடைக்கும், அதற்கு முந்தையதற்குப் பதிவு அலுவலகத்தில் மனு போடுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, சர்வேயர் அளந்தால் 6 சென்ட் வருகிறதா, வேலி பக்கத்து மனைக்குள் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால், ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, வாரிசுகள் எல்லாரும் அதில் கையெழுத்துப் போட்ட பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.