காடையும் கோழியும்: நாட்களை எங்கிருந்து எண்ணுவது?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கோழியும் ஆறு காடையும் வாங்கி, பொலித்தீன் பையோடு ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்திருக்கிறார். புதன்கிழமை விருந்துவரை அவை தாங்குமா என்றும், உருகிய இறைச்சியைத் திரும்ப உறைய வைத்தால் நஞ்சாகிவிடுமா என்றும் கேட்கிறார்.

முதற் கேள்விக்கு விடை, தாங்காது என்பதே. பச்சைக் கோழியானாலும் காடையானாலும் 4 பாகை செல்சியஸுக்கு மேற்படாத குளிரில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வைக்கலாம். புதன்கிழமைக்கு வேண்டியதை வாங்கிய அன்றே மைனஸ் 18 பாகையில் உறைய வைத்து, செவ்வாய் காலையில் ஃபிரிட்ஜின் அடித்தட்டுக்கு இறக்கியிருக்க வேண்டும். இரண்டு கிலோ கோழி உருக ஏறத்தாழ ஒரு முழு நாள் பிடிக்கும். காடைக்கு ஓரிரவு போதும். ஃபிரிட்ஜின் திருகியில் உள்ள இலக்கம் பாகையன்று. பெரும்பாலான பெட்டிகளில் இலக்கம் கூடக் குளிரும் கூடும் என்பதால், 1 என்று வைத்துவிட்டு நல்ல குளிரென்று நம்பியிருப்பவர்கள் ஒரு சிறு வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த இரண்டு நாளை உங்கள் வீட்டிலிருந்து எண்ணத் தொடங்காதீர்கள். "இன்று காலை வெட்டியது" என்று சொல்லி ஒருவர் எனக்கு விற்ற கோழியின் வயிற்றுக்குள் விரலை விட்டபோது, ஈரலோடு ஒட்டியபடி பனிச்சில்லு கிடந்தது. உறைந்ததை உருக்கிப் புதியதென்று விற்கும் இந்த வியாபாரம் கொழும்பில் எனக்குப் புதிதன்று. பையின் அடியில் இளஞ்சிவப்பு நீர் தேங்கியிருந்தாலும், தோல் தளர்ந்து வழுவழுத்தாலும் வாங்காதீர்கள். சமைத்த பின் தொடை எலும்பின் மூட்டருகே கறுத்திருப்பது கெடுதலன்று. ஆனால் அந்தக் கோழி பெரும்பாலும் ஒருமுறை உறைந்திருந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கும். குளிரில்லாமல் பச்சை இறைச்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது; 32 பாகைக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணி நேரமே எல்லை. கடை மேசையில் கிடந்த நேரமும், காலி வீதி நெரிசலில் ஓட்டோவில் கழிந்த நேரமும் இந்தக் கணக்கில் சேரும். இலங்கையின் உணவுச் சட்டம் 1980 முதல் நடைமுறையில் இருந்தும், ஐஸ் கூட இல்லாத மேசையில் நண்பகல்வரை கோழி கிடப்பதை நான் இன்றும் காண்கிறேன். சட்டம் எழுதியவர்கள் செய்ய வேண்டிய காவலை வாங்குபவர் செய்ய வேண்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. காட்டுக்கோழி தருகிறேன் என்று தொலைபேசியில் அழைக்கும் தரகர்களிடம் பேச்சே வேண்டாம். அது சட்டம் பாதுகாக்கும் தேசியப் பறவை, அந்த இறைச்சியை எவரும் பரிசோதித்ததுமில்லை.

இனி இரண்டாவது கேள்வி. திரும்ப உறைய வைப்பதே நஞ்சு என்பது தவறு. இறைச்சி எங்கே உருகியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜுக்குள் உருகிய கோழியை அந்த ஓரிரு நாளுக்குள் சமைக்காமலே மீண்டும் உறைய வைக்கலாம். சாறு சற்று வெளியேறி இறைச்சி வறளுமே தவிர ஆபத்தில்லை. குளிர்ந்த நீரில் அமிழ்த்தி உருக்கியதை உடனே சமைக்க வேண்டும். அதற்குப் பின் வேண்டுமானால் உறைய வைக்கலாம். சமையல் மேசையில் மணிக்கணக்காகக் கிடந்து உருகியதை எறிந்துவிட வேண்டும், ஏனெனில் நடுவில் கட்டியாக இருக்கும்போதே வெளிப்புறத்தில் கிருமி பெருகிவிடும். மின்வெட்டுக்கும் இதே அளவுகோல்தான். கதவைத் திறக்காவிட்டால் நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். ஃபிரிட்ஜ் 4 மணி நேரமே காக்கும். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோதும், மூடியே கிடந்த நிறைந்த ஃப்ரீசரின் கோழிக்கு ஒன்றும் ஆகியிராது. ஃபிரிட்ஜின் தட்டுகளில் இருந்ததைத்தான் எறிந்திருக்க வேண்டும். திறந்து பார்க்கும்போது இறைச்சியில் பனித்துகள் கையில் தட்டுப்பட்டால் தயங்காமல் மீண்டும் உறைய வையுங்கள்.

மஞ்சளும் தேசிக்காயும் தடவினால் கிருமி சாகும் என்று நம்பி நாட்களை நீட்டாதீர்கள். குழாயின் கீழ் கழுவினால் சல்மொனெல்லா, கம்பைலோபக்டர் என்னும் நோய்க்கிருமிகள் தண்ணீரோடு தெறித்து, பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயத்தில் படியும். இறைச்சியை விளிம்பு உயர்ந்த மூடிய பாத்திரத்தில் அடித்தட்டில் வையுங்கள், பொலித்தீன் பையிலிருந்து வடியும் நீர் கீழே இருக்கும் சம்பலில் விழாதபடி.