மின்வாகனப் பாதுகாப்புச் செயலி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் மின்வாகனம் வைத்திருப்பவர்களுக்காகப் பாதுகாப்புச் செயலி ஒன்றை வடிவமைக்கிறோம். சார்ஜிங் நிலைய வரைபடம், ஓட்டும் முறைக்கு மதிப்பெண், பேட்டரி வெப்பநிலை, திருட்டு எச்சரிக்கை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எதற்கு முதலிடம் தருவது?

பதில்: வரைபடமும் மதிப்பெண்ணும் இப்போதைக்கு இருக்கட்டும். வண்டி சார்ஜில் நிற்கிறது, உரிமையாளர் உறங்குகிறார், இரவு 2 மணிக்கு பேட்டரிக்குள் இருக்கும் பல சிறு செல்களில் ஒன்று சூடேறத் தொடங்குகிறது. உங்கள் செயலி அவரை எழுப்புமா? முதலில் இதற்கு விடை தேடுங்கள்.

பேட்டரியைக் கண்காணித்து, தேவைப்பட்டால் மின்சாரத்தைத் துண்டிப்பது வண்டிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரி மேலாண்மை அமைப்பு) செய்யும் வேலை. அது கண்டதை உரிய ஆளிடம் நேரத்துக்குக் கொண்டு சேர்ப்பதுதான் உங்கள் பொறுப்பு. ஐ.நா. அமைப்பின் கீழ் 2018-ல் வந்த உலகத் தொழில்நுட்ப விதி எண் 20, ஒரு செல்லில் தொடங்கிய வெப்பம் பரவிப் பயணிகளுக்கு ஆபத்தாகும் முன் குறைந்தது 5 நிமிட அவகாசத்தோடு எச்சரிக்கை வேண்டும் என்கிறது. அது வண்டிக்குள் விழித்திருப்பவர்களுக்கான கணக்கு. உறங்குகிறவருக்கு ஒவ்வொரு விநாடியும் முக்கியம்.

அதனால் கண்காணிப்பை மொபைலில் வைக்காதீர்கள். மொபைலின் பேட்டரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்டும் ஐ.ஓ.எஸ்.ஸும் பின்னணியில் ஓடும் செயலிகளை முடக்கிவிடும். வண்டியிலிருந்து சர்வருக்கு, சர்வரிலிருந்து மொபைலுக்கு என்று தகவல் வரட்டும். சைலன்ட்டில் இருந்தாலும் ஒலிக்கும் எச்சரிக்கைக்கு ஐபோனில் ஆப்பிளின் தனி ஒப்புதல் வேண்டும். ஆண்ட்ராய்டில் பயனர் அனுமதி தர வேண்டும். செயலியை நிறுவும்போதே, காரணத்தைச் சொல்லி இந்த அனுமதியைக் கேட்டுவிடுங்கள். அறிவிப்பைப் பார்த்ததாக 30 விநாடிக்குள் பதில் இல்லையென்றால் தானியங்கித் தொலைபேசி அழைப்பு போகட்டும். அப்புறம், வீட்டில் இன்னொருவரின் எண்ணுக்கும்.

எப்போது எச்சரிப்பது? வெயிலில் நின்ற பேட்டரி 45 டிகிரி காட்டுவது பெரிய விஷயமில்லை. மற்ற செல்கள் 30-ல் இருக்க, ஒன்று மட்டும் சில நிமிடங்களில் 38-க்கு ஏறினால் அது விஷயம். நிறுத்திய வண்டியில் ஒரு செல்லின் வோல்டேஜ் மட்டும் தானாக இறங்குவதும் அப்படித்தான். உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம். எல்லா வண்டிக்கும் ஒரே வரம்பு வைக்காதீர்கள். பேட்டரி வகைக்கு ஏற்ப அது மாறும்: முழு சார்ஜில் என்.எம்.சி. (நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட்) செல் 4.2 வோல்ட் வரை போகும், எல்.எஃப்.பி. (லித்தியம்-இரும்பு-பாஸ்பேட்) 3.65 வரைதான். சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அலறினால், பயனர் ஒரே வாரத்தில் எல்லா அறிவிப்பையும் அணைத்துவிடுவார்.

எச்சரிக்கையின் வாசகத்துக்கு நேரம் செலவழியுங்கள். ‘பேட்டரி வெப்பநிலைப் பிழை, குறியீடு 47’ என்று வந்தால் தூக்கக் கலக்கத்தில் ஒருவர் என்ன செய்வார்? இப்படி எழுதிப் பாருங்கள்: ‘பேட்டரி ஆபத்தான அளவுக்குச் சூடாகிறது. எல்லோரையும் எழுப்பி வெளியே செல்லுங்கள். வண்டியின் அருகே போகாதீர்கள். தீயணைப்புத் துறையை அழையுங்கள்.’ கீழே அழைப்புக்கு ஒரே பெரிய பட்டன், வேறெதுவும் வேண்டாம். வெண்புகையோ சீறல் சத்தமோ இருந்தால் அது நச்சு வாயு, தீப்பற்றவும் கூடியது என்பதை அடுத்த திரையில் சொல்லலாம். அணைந்த தீ சில மணி நேரமோ சில நாளோ கழித்து மீண்டும் பற்றலாம் என்பதையும் அங்கே சொல்லுங்கள். இந்தத் திரைகள் இணையம் இல்லாமலும் திறக்க வேண்டும்.

இன்னொன்று, பழைய தகவலைப் புதிதுபோல் காட்டாதீர்கள். வண்டியோடு தொடர்பு அறுந்து மூன்று மணி நேரம் ஆகியும் திரையில் பச்சை நிறத்தில் ‘பாதுகாப்பாக உள்ளது’ என்றிருந்தால் அது பொய். அந்த இடத்தில் ‘3 மணி நேரமாகத் தகவல் இல்லை’ என்று சாம்பல் நிறத்தில் காட்டுங்கள்.

சரி, தொலைவிலிருந்து பூட்டுவது, சார்ஜை நிறுத்துவது எல்லாம்? வைக்கலாம், ஆனால் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதில் கவனம். 2016 பிப்ரவரியில் நிஸான் லீஃப் காரின் செயலியில் இருந்த ஓட்டையைப் பாதுகாப்பு ஆய்வாளர் ட்ராய் ஹண்ட் வெளியிட்டார். ஒவ்வொரு காருக்கும் உரிய அடையாள எண்ணான வி.ஐ.என். தெரிந்தால் போதும், கடவுச்சொல் இல்லாமலே யாரும் ஏ.சி.யைப் போடலாம், பயண விவரத்தைப் பார்க்கலாம். அந்த எண்ணோ முன்கண்ணாடி வழியே வெளியில் தெரியும். நிஸான் அந்தச் சேவையை நிறுத்தி வைக்க நேர்ந்தது. ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும், அனுப்புகிறவர் உரிமையாளர்தானா என்று சர்வர் சரிபார்க்க வேண்டும். ஓடும் வண்டியை நிறுத்தும் கட்டளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

வெளியிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்களில் ஒருவர் மொபைலைச் சைலன்ட்டில் போட்டுத் தூங்கட்டும். எந்த இரவு என்று சொல்லாமல் மற்றவர் போலி எச்சரிக்கை அனுப்பட்டும். எத்தனை விநாடியில் எழுந்தார், எழுந்ததும் முதலில் என்ன செய்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.