வண்டிப் பட்டறை: வாசகர் கேள்வி

கேள்வி: ஐயா, என்னிடம் 2001 புரோட்டான் சத்ரியா ஜிடிஐ கார் இருக்கிறது. அதிர்வைத் தாங்கும் அப்சார்பர் எல்லாம் எண்ணெய் கசிகிறது. 32 கிளிக் (அப்சார்பரின் கடினத்தை மாற்றும் படிகள்) உள்ள காயிலோவர் (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய அமைப்பு) வாங்கலாமா?
- வாசகர், ஈப்போ

பதில்: தம்பி, கிளிக் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். நான் அப்படித்தான் ஒருமுறை ஏமாந்தேன். 32 கிளிக்கில் நாலைந்துதான் வித்தியாசம் காட்டின. உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங் தட்டை இறக்கினேன். அப்சார்பர் ஓடும் தூரமும் குறைந்துவிட்டது. தாமான் (குடியிருப்பு) ரோட்டு வேகத்தடை மேடு ஒவ்வொன்றிலும் இடி முதுகெலும்பு வரை ஏறும்.

அடிப்பகுதியைத் தனியாகத் திருகி உயரம் மாற்றும் வகையைக் கேளுங்கள். அதில் அந்த ஓட்டம் குறையாது. உங்கள் வண்டியின் சஸ்பென்ஷனைச் சீர்செய்தது இங்கிலாந்தின் லோட்டஸ் கார் நிறுவனம். அந்த நயத்தைக் கெடுக்க வேண்டாம். 25 மில்லிமீட்டர் இறக்கினால் போதும். மிகக் கடினமான ஸ்பிரிங்கும் வேண்டாம்.

அப்புறம், இத்தனை வயதான வண்டியில் ரப்பர் புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர்), டாப் மவுண்ட் (அப்சார்பரின் மேல்முனையை வண்டியோடு பிடிக்கும் பாகம்) இரண்டையும் முதலில் மாற்றுங்கள். சக்கரம் தரையில் நின்று எடை ஏறிய பிறகுதான் புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் பாருங்கள்.

பணம் பற்றாவிட்டால், நல்ல சாதாரண அப்சார்பரே போடுங்கள். மலிவான காயிலோவரைவிட அது எவ்வளவோ மேல்.