தூதரகமே இல்லாமல் ஐந்தாண்டு ஒப்பந்தம்: இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிய கதை

கொள்கையில் எதிரெதிராக நிற்கும் நாடுகள் எப்படி வணிகம் செய்கின்றன என்ற கேள்விக்கு, 1952-இன் இலங்கை–சீன இறப்பர் அரிசி ஒப்பந்தம் நல்ல பதில். அப்போது கொழும்பில் இருந்தது கம்யூனிசத்தை வெளிப்படையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி அரசு.

கொரியப் போரின்போது, 1951 மே மாதத்தில், போருக்கு உதவும் பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது. அதனால் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த மலாயா இறப்பர் நின்றுபோனது. இலங்கையோ 1955 டிசம்பரில்தான் ஐ.நா.வில் சேர்ந்தது, அந்தத் தீர்மானம் அதைக் கட்டுப்படுத்தவில்லை. உள்ளூரில் அரிசித் தட்டுப்பாடு, இறப்பர் விலையும் சரிந்திருந்தது. கொள்கை பேச நேரமில்லை.

1952 டிசம்பர் 18-இல் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) கையெழுத்திட்டார். ஆண்டுக்கு 2,70,000 தொன் அரிசி வரும், 50,000 தொன் ஷீட் இறப்பர் (தகடாக உருட்டி உலர்த்தியது) போகும். இதைப் பண்டமாற்று என்று எழுதுவது அரைகுறை உண்மை. ஐந்தாண்டுக்குக் கட்டியது அளவை மட்டும்தான். விலையை அவ்வப்போது பேசித் தீர்த்தார்கள். இறப்பருக்குச் சிங்கப்பூர்ச் சந்தையைவிடக் கூடுதல் விலை கிடைத்தது. இலங்கைக்கு உண்மையான கவர்ச்சி அதுதான். ஒப்பந்தம் ஷீட்டுக்கு மட்டும் என்பதால், கிரேப் என்ற இன்னொரு வகை இறப்பர் செய்தவர்களுக்கு அந்தப் பலன் எட்டவில்லை.

அடியும் விழுந்தது. கம்யூனிச நாடுகளுக்குப் போர்ப் பயன்பாட்டுப் பொருள் விற்கும் நாடுகளுக்கு உதவியை மறுக்கும் பேட்டில் சட்டத்தைக் காட்டி அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 1956-இல்தான் மீண்டும் தொடங்கியது. கந்தகம் விற்கவும் மறுத்தது. கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் இறப்பர் இலையில் படரும் சாம்பல் நோய்க்குத் தூவுவது கந்தகம். தடை கப்பலை மறிக்காமலே தோட்டத்துக்குள் புகுந்துவிடும்.

ஒப்பந்தத்தால் அரிசி மலிந்தது என்பாரும் உண்டு. வரத்து உறுதியானது, கடைவிலை வேறு கதை. 1953 ஜூலையில் அரசு மானியத்தை வெட்டியதும் ஒரு கொத்து (முகத்தலளவை) அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று, ஆகஸ்ட் 12-இல் ஹர்த்தால் (முழு அடைப்பு) வெடித்தது. சீன அரிசி அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது.

இரு நாடுகளுக்கும் முறையான தூதரக உறவு ஏற்பட்டது 1957-இல். அதற்குள் முதல் ஒப்பந்தம் ஏறக்குறைய முடிந்தேவிட்டது.