மின்சார நிறுவனங்களின் லாபி எப்போது தொடங்கியது? ஆணையங்கள் இருந்தும் ஏன் நிற்கவில்லை?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் மின்கட்டணத்தை நிர்ணயிக்க மாநிலத்துக்கு ஓர் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. அப்படியிருந்தும் மின் நிறுவனங்கள் அரசியல்வாதிகளை எப்படிக் கைக்குள் போட்டுக்கொள்கின்றன, அதாவது சட்டத்தையும் கட்டணத்தையும் தமக்குச் சாதகமாக்க எப்படி லாபி செய்கின்றன, இது எப்போது ஆரம்பித்தது?

முதலில் ஆணையம் வந்தது, அப்புறம் நிறுவனங்கள் அதை வளைக்கப் பார்த்தன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆணையம் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்டவர்களில் முக்கியமானவர் ஒரு மின் நிறுவன முதலாளி. அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் புரியும்.

அவர் பெயர் சாமுவேல் இன்சல். லண்டனில் பிறந்து, 1881-ல் அமெரிக்கா போய் தாமஸ் எடிசனின் செயலாளராக இருந்தவர். 1892-ல் சிகாகோ எடிசன் நிறுவனத்தின் தலைவரானார். அந்தக் காலத்தில் தெருவில் மின்கம்பி இழுக்க நகரசபைதான் உரிமம் தரவேண்டும். ஒரே ஊரில் பல நிறுவனங்களுக்கு உரிமம் போகும், அதற்குக் கைமாறாகப் பணமும் போகும். இன்னொரு பக்கம், நகரசபையே மின்சாரம் வழங்கட்டும் என்ற குரலும் வலுத்துக்கொண்டிருந்தது. 1898-ல் மின் நிறுவனங்களின் அமைப்பான தேசிய மின்விளக்குச் சங்கத்தின் தலைவராக இருந்த இன்சல், சக முதலாளிகளிடம் ஒரு யோசனை சொன்னார்: ஒரு பகுதிக்கு ஒரே நிறுவனம் இருக்கட்டும், பதிலுக்கு மாநில அரசு கட்டணத்தை நிர்ணயிக்கட்டும். பலருக்கு அன்று அது பிடிக்கவில்லை. ஆனால் 1907-ல் விஸ்கான்சினும் நியூயார்க்கும் இப்படிப்பட்ட ஆணையங்களை அமைத்தன. அடுத்த சில வருடங்களில் பெரும்பாலான மாநிலங்களும் அந்த வழிக்கு வந்தன. விஸ்கான்சினில் ஆளுநராக இருந்த ராபர்ட் லா ஃபாலெட்டின் சீர்திருத்த இயக்கத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. சீர்திருத்தவாதிகளும் முதலாளிகளும் வேறு வேறு காரணங்களுக்காக ஒரே சட்டத்தைக் கேட்டார்கள்.

அந்த ஏற்பாட்டில் கட்டணம் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். நிறுவனம் செய்த நியாயமான செலவு முழுவதும் வாடிக்கையாளர் தலையில். அதற்கு மேல், போட்ட முதலுக்கு ஆணையம் அனுமதிக்கும் லாபம். எது செலவு, எது முதல் என்று யார் தீர்மானிக்கிறார்களோ அவர்கள் கையில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே தீர்மானிப்பவர்களைப் பிடிப்பது நிறுவனங்களுக்கு லாபகரமான தொழிலாகவே ஆனது.

1926-ல், சிகாகோ இருக்கும் இல்லினாய்ஸ் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். மாநில வணிக ஆணையத்தின் தலைவராக இருந்த ஃபிராங்க் ஸ்மித் செனட்டுக்குப் போட்டியிட்டார். அவருக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தவர் இன்சல். அதாவது, தன் நிறுவனங்களின் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆளுக்கே தேர்தல் செலவுக்குப் பணம் கொடுத்தார். ஸ்மித் ஜெயித்தார், ஆனால் 1928-ல் செனட் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்துவிட்டது.

அதே 1928-ல் மத்திய வர்த்தக ஆணையம் மின் நிறுவனங்களைப் பற்றி விசாரணை தொடங்கியது. 1935 வரை நீண்ட அந்த விசாரணையில் வெளிவந்தவை இன்றைக்கும் எனக்குக் கோபத்தை வரவழைக்கின்றன. தேசிய மின்விளக்குச் சங்கம் பேராசிரியர்களுக்குப் பணம் கொடுத்திருந்தது. பள்ளிப் பாடப்புத்தகங்களை அலசி, அரசு மின்சாரத்தை ஆதரிக்கும் பகுதிகளை மாற்றவைக்கப் பார்த்தது. பத்திரிகைகளுக்குத் தயாரான செய்திகளை அனுப்பியது. சங்கத்தின் நிர்வாக இயக்குநர் மெர்லின் எய்ல்ஸ்வொர்த், செலவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதைப் பொதுமக்கள்தான் தருகிறார்கள் என்ற பொருளில் தன் ஆட்களுக்குச் சொல்லியிருந்தார். மக்களுக்கு எதிரான பிரசாரத்துக்கு மக்களிடமே வசூல்! லாபி என்றாலே லஞ்சம் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைத்தான் தவறவிடுகிறார்கள்.

இதற்கிடையே ஹோல்டிங் கம்பெனிகள், அதாவது மற்ற நிறுவனங்களின் பங்குகளை வைத்திருந்து அவற்றை ஆளும் கம்பெனிகள், அடுக்கடுக்காக வளர்ந்திருந்தன. ஒன்றை இன்னொன்று வைத்திருக்கும், அதை வேறொன்று வைத்திருக்கும். மேலே இருப்பவை பல மாநிலங்களில் பரவியதால் எந்த மாநில ஆணையத்தின் கைக்கும் அவை எட்டவில்லை. 1932-ல் எட்டே குழுமங்கள் தனியார் மின்துறையின் ஏறக்குறைய முக்கால் பங்கைக் கையில் வைத்திருந்தன. அதே வருடம் இன்சலின் சாம்ராஜ்யம் சரிந்தது. பங்கு வாங்கியிருந்த சாதாரண மக்களின் சேமிப்பு போனது. இன்சல் கிரீஸுக்குப் போய், 1934-ல் துருக்கியில் பிடிபட்டு, வழக்குகளில் விடுதலையாகி, 1938-ல் பாரிஸில் இறந்தார்.

1935-ல் ரூஸ்வெல்ட் அரசு கொண்டுவந்த பொதுப் பயன்பாட்டு ஹோல்டிங் கம்பெனிச் சட்டத்தின் கதைதான் இந்த வரலாற்றின் மையம். தேவையற்ற ஹோல்டிங் கம்பெனிகளைக் கலைக்கச் சொன்ன அதன் பிரிவுக்கு ‘மரண தண்டனைப் பிரிவு’ என்றே பெயர். செனட்டில் அது ஒரே ஓட்டில் தப்பியது. பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களுக்கோ எதிர்ப்புத் தந்திகள் மூட்டை மூட்டையாக வந்தன. பென்சில்வேனியாவின் வாரன் என்ற சிறிய ஊரிலிருந்து மட்டும் 800-க்கு மேல். அந்தத் தொகுதியின் உறுப்பினர் டெனிஸ் டிரிஸ்கல் பெயர்களைக் கவனித்தார். அவற்றில் பல, அகரவரிசையின் முதல் சில எழுத்துகளிலேயே தொடங்கின. அனுப்பியதாகப் பெயர் இருந்தவர்களுக்குப் பதில் எழுதினார். நாங்கள் தந்தியே அனுப்பவில்லையே என்றார்கள்.

செனட்டர் ஹியூகோ பிளாக் தலைமையிலான குழு இதைத் தோண்டியது. அசோசியேட்டட் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்ற குழுமத்துக்காக இது நடந்திருந்தது. ஊர் விலாசப் புத்தகத்திலிருந்து பெயர்களை எடுத்திருந்தார்கள். கையெழுத்து வாங்கி வந்தால் ஒரு தந்திக்கு 3 சென்ட் கிடைத்தது என்று தந்திப் பையன் ஒருவனே சாட்சி சொன்னான்.

சட்டம் சற்று நீர்த்துப்போனாலும் 1935 ஆகஸ்டில் நிறைவேறியது. அதில் ஒரு பிரிவு, ஹோல்டிங் கம்பெனிகளுக்காக லாபி செய்பவர்கள் அரசிடம் விவரம் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. லாபி செய்பவர்களைக் கணக்குக் காட்டச் சொன்ன முதல் மத்தியச் சட்டங்களில் அது ஒன்று. பொதுவான லாபிச் சட்டம் 1946-ல்தான் வந்தது. ஆனால் என் கருத்தில் உண்மையான வேலையைச் செய்தது அந்தப் பதிவேடு இல்லை, கலைப்புப் பிரிவுதான். 200-க்கு மேல் இருந்த ஹோல்டிங் கம்பெனிகள் 1950-களின் இறுதியில் 18 ஆகக் குறைந்தன. பெயரை எழுதிவைத்தால் லாபி குறையாது, லாபி செய்பவரின் பருமன் குறைந்தால் குறையும்.

அந்தச் சட்டத்தை நீக்க நிறுவனங்கள் பல வருடங்கள் முயன்றன. 2005-ல் நீக்கப்பட்டது. அப்புறம் பெரிய நிறுவனங்கள் மறுபடி இணையத் தொடங்கின.

ஓஹையோவில் 2019-ல் ஒரு சட்டம் வந்தது. இரண்டு அணுமின் நிலையங்களைக் காப்பாற்ற வாடிக்கையாளர்களிடம் கூடுதல் வசூல். அதன் பின்னால் ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின் நிறுவனக் குழுமத்திலிருந்து ஏறக்குறைய 6 கோடி டாலர் பாய்ந்திருந்தது. அந்தப் பணத்துக்காகச் சட்டத்தை நிறைவேற்றிக்கொடுத்த மாநில அவைத் தலைவர் லாரி ஹவுஸ்ஹோல்டருக்கு 2023-ல் 20 வருடச் சிறை. மாநில ஆணையத்தின் தலைவராகப் பதவியேற்கச் சற்று முன்பு ஒருவருக்கு 43 லட்சம் டாலர் கொடுத்ததையும் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. 1926-ன் ஸ்மித் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். இல்லினாய்ஸிலும் அப்படித்தான்: இன்சல் வளர்த்த நிறுவனத்தின் வாரிசான காம்எட், அவைத் தலைவர் மைக்கேல் மேடிகனின் ஆட்களுக்கு வேலை வாங்காமலே சம்பளம் தந்ததற்காக 2020-ல் 20 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. மேடிகனுக்கு 2025-ல் ஏழரை வருடச் சிறை.

இவை குற்ற வழக்குகள், செய்தியில் வரும். சட்டத்துக்கு உட்பட்டே நடப்பது எங்கே இருக்கிறது என்றால், கணக்குப் புத்தகத்தில். மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மின் நிறுவனங்கள் தரும் ஆண்டு அறிக்கை, படிவம் 1, பொதுவில் கிடைக்கிறது. அதில் 426.4 என்ற கணக்கு அரசியல் செலவு, பொதுவாகப் பங்குதாரர்கள் சுமப்பது. 930.2 என்பது இதர நிர்வாகச் செலவு, வாடிக்கையாளர் கட்டணத்தில் சேரக்கூடியது. தொழில்துறைச் சங்கச் சந்தா, அதாவது 1933-ல் பழைய மின்விளக்குச் சங்கத்தின் இடத்துக்கு வந்த எடிசன் எலெக்ட்ரிக் இன்ஸ்டிட்யூட் போன்ற முதலாளிகள் அமைப்புக்குக் கட்டும் பணம், பெரும்பாலும் இந்த இரண்டாவதில் உட்காரும். 2023-ல் கொலராடோ, கனெக்டிகட், மெய்ன் ஆகிய மூன்று மாநிலங்கள் லாபிச் செலவோடு இந்தச் சந்தாவையும் கட்டணத்தில் சேர்க்கத் தடை போட்டன. அப்படிச் சட்டம் இல்லாத இடங்களில், கட்டண வழக்கு வரும்போது நுகர்வோர் தரப்பு வழக்கறிஞர் ஒவ்வொரு ரசீதாகக் கேட்டுத்தான் நீக்கவைக்க வேண்டியிருக்கிறது.